கன மேசானின் அரிய ஒளிச் சிதைவு: கணக்கில் எஞ்சும் ஐயம்

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். விடைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல்-கழித்தல் குறியைப் போட்டு, ஒரு சிற்றெண்ணையும் எழுதும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். நம்மில் பலருக்கு அந்தச் சிற்றெண் கோலத்தின் ஓரத்தில் இடும் காவியைப் போல. இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் கோலம் கோலந்தான் என்று நினைக்கிறோம்.

ஆனால் அந்தச் சிற்றெண் ஒன்றைக் குறைப்பதற்காகவே பல நாடுகளைச் சேர்ந்த 17 கோட்பாட்டு இயற்பியலார் கூடி உழைத்து, 2007-ஆம் ஆண்டில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட விடை இதுதான்: 10,000-க்கு 3.15, கூட்டல்-கழித்தல் 0.23. இந்த 0.23 எங்கிருந்து வந்தது, அதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் குறைக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் எனக்கு விளங்கிய அளவில் சொல்ல முயல்கிறேன். ஐயப்பாடு என்றதும் ஹைசன்பர்க்கின் ஐயப்பாட்டுக் கொள்கை நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அது அன்று. இது கணக்குப் போடுகிறவனின் அறியாமைக்கு அவனே இடும் அளவு.

முதலில் பொருளை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள் மேசான் எனப்படும். பிணைந்த இரண்டில் ஒன்று பாட்டம் என்னும் கனமான குவார்க்காக இருந்தால் அது பி மேசான். அதன் நிறை 5.28 ஜி.இ.வி.; புரோட்டானின் நிறையைப் போல ஐந்தரை மடங்குக்கும் சற்று மேல். ஆயுளோ மிகக் குறைவு. ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றில் ஒன்றரைக் கூறு. அதற்குள் அது நூற்றுக்கணக்கான வழிகளில் ஏதேனும் ஒன்றில் சிதைந்துவிடும்.

அவ்வழிகளில் ஒன்று மிக அரியது. பாட்டம் குவார்க், ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக மாறி, உடன் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, வெளியிடுகிறது. இரண்டு குவார்க்குகளுக்கும் ஒரே மின்னூட்டம். மூன்றில் ஒரு பங்கு எதிர் மின்னூட்டம். மின்னூட்டம் மாறாமல் இனம் மட்டும் மாறும் இம்மாற்றத்துக்கு இயற்கையில் நேர்வழி கிடையாது. 1970-இல் கிளாஷோ, இலியோபூலோஸ், மையானி ஆகிய மூவரும் கூறிய ஏற்பாடு அந்த நேர்வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே சுற்றுவழிதான். பாட்டம் குவார்க் கணநேரம் டபிள்யூ துகளாகவும் டாப் குவார்க்காகவும் பிரிந்து, மறுபடி கூடி, ஸ்ட்ரேஞ்சாக வெளிவருகிறது. இந்த வளையத்துக்குப் பென்குயின் வரைபடம் என்று பெயர். 1977-இல் ஜான் எல்லிஸ் என்பவர் அம்பெறியும் விளையாட்டில் பந்தயம் தோற்று, அடுத்த கட்டுரையில் பென்குயின் என்ற சொல்லைப் புகுத்தியாக வேண்டிய நிலைக்கு ஆளானதால் வந்த பெயர் அது. படத்தில் பறவையைத் தேடி நானும் நெடுநேரம் பார்த்தேன்; தென்படவில்லை.

இந்தச் சுற்றுவழியில்தான் ஆர்வமே அடங்கியிருக்கிறது. டபிள்யூவின் நிறை 80 ஜி.இ.வி.; டாப் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 173. ஐந்து ஜி.இ.வி. கூட முழுதாக இல்லாத ஒரு குவார்க்கின் சிதைவில் இவ்வளவு கனமான துகள்கள் கைவைக்கின்றன என்றால், நாம் இன்னும் காணாத துகள்களும் அதே வளையத்தில் புகுந்து சிதைவின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடும் அல்லவா? இராட்சத முடுக்கிகளில் நேரே உண்டாக்க இயலாத துகளை இங்கே நிழலாகப் பிடித்துவிடலாம். ஆனால் நிழலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், நிழலில்லாத நிலையில் எவ்வளவு வெளிச்சம் இருந்திருக்கும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். கணக்கின் ஐயப்பாடு 30 விழுக்காடு என்றால் 20 விழுக்காட்டு நிழல் கண்ணுக்கே படாது.

கணக்கு ஏன் இவ்வளவு கடினம்? வன்விசைதான் காரணம். குவார்க்குகள் குளுவான் என்னும் துகள்களை ஓயாமல் வீசிப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. மின்காந்த விசையின் வலிமையைக் காட்டும் எண் 137-இல் ஒரு பங்கு. அடுத்தடுத்த திருத்தங்கள் விரைவில் சிறுத்துவிடும். பாட்டம் குவார்க்கின் ஆற்றலில் வன்விசைக்குரிய எண்ணோ ஏறத்தாழ 0.22. தொடரில் ஓர் உறுப்பை விட்டால் அது சிறிது என்று தள்ளிவிட முடியாது. போதாக்குறைக்கு 80-க்கும் 5-க்கும் உள்ள பெரிய இடைவெளி மடக்கைகளாக வந்து ஒவ்வோர் உறுப்பையும் பெருக்குகிறது. 1987-இல் இரண்டு குழுக்கள் இதைக் கண்டு சொல்லின. ஒன்று பெர்தோலினி, போர்சுமாதி, மசியெரோ என்னும் இத்தாலியர்களின் குழு. மற்றொன்றில் ஓரிகான் பல்கலைக் கழகத்தின் நிலேந்திர தேஷ்பாண்டேயும் அவருடைய கூட்டாளிகளும். குளுவான்களைச் சேர்த்துக்கொண்டால் சிதைவு சில விழுக்காடு அன்று, இரண்டு மூன்று மடங்கே உயர்கிறது என்பது அவர்கள் முடிவு. டாப் குவார்க் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது 1995-இல்தான் அகப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

திருத்தம் மூலத்தைவிடப் பெரிதாக இருக்கும் கணக்கை எவ்வளவு நம்பலாம்? இதற்கு ஒரு சோதனை உண்டு. வன்விசையின் வலிமையை எந்த ஆற்றல் அளவில் எடுத்துக்கொள்வது என்பது கணக்கிடுகிறவனின் விருப்பம். முழுத் தொடரையும் கூட்டினால் விடை அந்த விருப்பத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. பாதித் தொடரோடு நிறுத்தினால் சாரும். ஆகவே பாட்டம் நிறையின் பாதி முதல் இரண்டு மடங்கு வரை அந்த அளவை மாற்றிப் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறதோ அதையே ஐயப்பாடு என்று வைத்துக்கொள்கிறார்கள். முதற்படிக் கணக்கில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆடியது. 1994-இல் புராஸ், மிசியாக், மியுன்ஸ், போகோர்ஸ்கி ஆகியோர் இதை ஒளிக்காமல் எடுத்துவைத்து, 10,000-க்கு 2.8, கூட்டல்-கழித்தல் 0.8 என்று அறிவித்தனர். மறு ஆண்டே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் கிளியோ ஆய்வுக் குழுவினர் அளந்து சொன்ன எண் 2.32. இரண்டும் பொருந்தின. ஆனால் 2.0 வந்திருந்தாலும் 3.6 வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும்! இத்தகைய பொருத்தத்தால் யாருக்கு என்ன பயன்?

எனவே அடுத்த படி தேவைப்பட்டது. 1997-இல் செட்டிர்கின், மிசியாக், மியுன்ஸ் மூவரும் 3.28, கூட்டல்-கழித்தல் 0.33 என்றனர். ஐயப்பாடு 30 விழுக்காட்டிலிருந்து 10 ஆயிற்று. எல்லாரும் மூச்சு விட்டனர்.

அப்போதுதான் சார்ம் குவார்க் குறுக்கே வந்தது. வளையத்துள் டாப் மட்டும் சுழல்வதில்லை, சார்மும் சுழல்கிறது. அதன் நிறையைக் கணக்கில் இட வேண்டும். குவார்க்கைத் தனியே எடுத்துத் தராசில் வைக்க முடியாததால், நிறை என்பதற்கே வெவ்வேறு வரையறைகள் உள்ளன. ஒரு வரையறைப்படி சார்முக்கும் பாட்டத்துக்கும் உள்ள விகிதம் 0.29, இன்னொன்றின்படி 0.22. அதுவரை 0.29-ஐ இட்டுவந்தார்கள். வளையத்துள் சுழலும் குவார்க்குக்கு 0.22 தான் ஏற்றது என்று 2001-இல் கம்பீனோவும் மிசியாக்கும் எடுத்துக்காட்டினர். விடை 11 விழுக்காடு உயர்ந்து 3.60 ஆயிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். புதிய சோதனை எதுவும் நடக்கவில்லை. புதிய துகள் எதுவும் வரவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் மாறியது. அறிவித்திருந்த 10 விழுக்காடு முழுவதையும் அந்த மாற்றமே விழுங்கிவிட்டது. அடுத்த படியைக் கணக்கிட்டால்தான் இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு தானே கரையும்.

2007-இல் வந்த 17 பேரின் கட்டுரை அந்த அடுத்த படிதான். பல்லாயிரக்கணக்கான வரைபடங்களைக் கணிப்பொறியில் இட்டுக் கணக்கிட்டார்கள். அப்படியும் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டது. சார்முக்கு அதன் உண்மையான நிறையை வைத்துச் சில பகுதிகளைக் கணக்கிட முடியவில்லை. நிறை மிகப் பெரிது என்று கொண்டால் முடிந்தது. பின்னர் 2015-க்குள் நிறை பூச்சியம் என்று கொண்டும் முடித்தனர். உண்மை இடையில் இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் ஒரு மழைமானி, மேலே வெள்ளிமலையில் ஒரு மழைமானி வைத்துவிட்டு, இடையிலுள்ள கல்வராயன் மலைச்சரிவில் எவ்வளவு பெய்தது என்று ஊகிப்பது போன்றது இது. ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கோமுகி அணைக்கு வரும் தண்ணீர் அந்தச் சரிவிலிருந்துதானே வருகிறது? இந்த இடைக்கணிப்புக்கு அவர்கள் வைத்த ஐயப்பாடு 3 விழுக்காடு.

இதுவரை சொன்னதெல்லாம் குவார்க்கின் சிதைவு. சோதனையில் சிதைவதோ மேசான். இந்த வேறுபாட்டைக் கரும்பு பயிரிடும் நம் பகுதியார்க்கு எளிதில் விளக்கலாம். வயலில் வெட்டிய கரும்பின் எடை ஒரு கணக்கு. ஆலையில் மூட்டையில் விழும் சர்க்கரை வேறு கணக்கு. இரண்டையும் இணைப்பது சர்க்கரைக் கட்டுமானம் என்னும் விழுக்காடு. அரசு அறிவிக்கும் கரும்பு விலையே அதை ஒட்டித்தான் அமைகிறது. எங்கள் வீட்டிலும் கரும்புதான். புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண் எவ்வளவு கனமானது என்பதை நான் இயற்பியல் வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை.

ஆலைக்கு வந்த கரும்பு முழுவதற்கும் சேர்த்துச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வயலுக்கு வயல் உள்ள வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அதுபோல, ஸ்ட்ரேஞ்ச் குவார்க் எந்தத் துகளாக உருவெடுத்தாலும் சரி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் மேசானின் சிதைவு பெரும்பாலும் குவார்க்கின் சிதைவுக்குச் சமம். மேலே சொன்ன எண்கள் எல்லாம் இந்த மொத்தக் கணக்கே. 'கே ஸ்டார்' என்னும் ஒரே துகளாக உருவெடுப்பது மட்டும் எவ்வளவு என்று கேட்டாலோ, குறிப்பிட்ட ஒரு கட்டுக் கரும்பின் சர்க்கரையைக் கேட்பது போலாகிவிடும். கிளியோ குழு 1993-இல் முதன்முதல் கண்டது இந்தத் தனிச் சிதைவைத்தான், இலட்சத்துக்கு 4.5 என்று அளந்தனர். அளப்பவனுக்கு இது எளிது, கணக்கிடுபவனுக்கு அரிது. குவார்க்குகள் கே ஸ்டாராகக் கூடும் வாய்ப்பைக் குறிக்கும் வடிவக் காரணி ஏறத்தாழ 0.28, அதில் பத்தில் ஒரு பங்கு ஐயம். சிதைவு அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஐயமும் இரட்டிக்கிறது.

வடிவக் காரணியிலிருந்து தப்ப ஒரு வழி, இரண்டு சிதைவுகளின் விகிதத்தை எடுப்பது. பாட்டம், டவுன் குவார்க்காக மாறும் இன்னும் அரிய சிதைவை ஜப்பானின் சுகுபாவில் உள்ள பெல் ஆய்வுக் குழு கண்டு 2006-இல் வெளியிட்டது. அதையும் கே ஸ்டார் சிதைவையும் வகுத்தால் ஐயத்தின் பெரும்பகுதி மேலும் கீழும் அடிபட்டுப் போகும். இன்னொரு வழியை நம் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆராய்ந்தது. ஃபோட்டானுக்குப் பதிலாக மியூவான் போன்ற இரண்டு லெப்டான்கள் வரும் உறவுச் சிதைவில், வடிவக் காரணிகளை ஊகிக்காமல், அளந்த அளவுகளையே ஒன்றோடொன்று பிணைத்துப் புதிய இயற்பியலைச் சோதிக்கலாம் என்று திகந்த தாஸும் ராகுல் சின்ஹாவும் 2012-இல் எழுதினர். 1962-இல் அல்லாடி இராமகிருஷ்ணன் தொடங்கிய நிறுவனம் அது. நம் ஊரிலிருந்து பேருந்தில் ஏறினால் போய்ச் சேரும் தொலைவில் இந்த ஐயத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது எனக்கு ஊக்கம் தந்த செய்தி.

மொத்தக் கணக்கிலும் மேசானின் உட்புறம் முழுதாக மறைவதில்லை. ஃபோட்டானின் ஆற்றல் குறையக் குறையப் பிற சிதைவுகளின் ஃபோட்டான்கள் வந்து மொய்த்துக்கொள்கின்றன. மார்கழிக் காலையில் பனிமூட்டத்துக்கு மேலே கல்வராயனின் முகடு மட்டும் தெரிவதுபோல, மேல் ஆற்றல்களே தெளிவாகத் தெரியும். அடிவாரத்தை முகட்டின் வடிவத்திலிருந்து ஊகிக்க வேண்டும். 1.6 ஜி.இ.வி.க்கு மேல் என்று கோட்பாட்டினர் கோடு போடுகிறார்கள். சோதனையார் அதைவிட உயரத்தில் அளந்து, அந்தக் கோடுவரை நீட்டித் தருகிறார்கள். இதைவிடக் கடினமானது, ஃபோட்டான் பாட்டம் குவார்க்கிலிருந்து நேரே வராமல், மேசானில் உடனிருக்கும் மெலிந்த குவார்க்கோடும் குளுவான்களோடும் உறவாடி வரும் பகுதி. 2010-இல் பென்ஸ்கே, லீ, நியூபர்ட், பாஸ் ஆகியோர் இதை ஆராய்ந்து, இங்கே 5 விழுக்காடு ஐயம் உண்டு, அதைக் குறைக்கவே இயலாது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு எழுதினர்.

ஆக 2015-இல் கணக்கு இப்படி நின்றது: உட்புறத்துக்கு 5, விட்டுப்போன உறுப்புகளுக்கு 3, சார்ம் இடைக்கணிப்புக்கு 3, நிறை முதலிய எண்களுக்கு 2 விழுக்காடு. வர்க்கங்களைக் கூட்டினால் 47, வர்க்கமூலம் 6.9. விடையான 3.36-இல் 6.9 விழுக்காடு 0.23. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு. வர்க்கங்களைக் கூட்டுவது, ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக ஏற்படும் பிழைகளுக்கு உரிய முறை. ஊசலை நூறு தடவை ஆட்டினால் பிழை இருபுறமும் சிதறும். கணக்கில் விட்ட உறுப்பு அப்படிச் சிதறுவதில்லை. அதற்கு ஒரே மதிப்புதான், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நேராகக் கூட்டினால் 13 விழுக்காடு வரும், 0.23 என்பது 0.44 ஆகிவிடும். வர்க்கத்தைக் கூட்டுவது துறையின் வழக்கம் என்பதற்கு மேல் வலுவான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது வெறும் எழுத்துச் சண்டை அன்று. ஹிக்ஸ் துகள் 2012-இல் அகப்பட்டது. அதற்கு மின்னூட்டமுள்ள உறவினர் உண்டு என்று சில கோட்பாடுகள் சொல்கின்றன. அவற்றுள் பெரிதும் ஆராயப்பட்ட ஒரு வகையில், அத்துகள் நம் வளையத்தில் புகுந்து சிதைவைக் கூட்டியே தீரும். அளவும் கணக்கும் பொருந்தியிருப்பதால் அது இன்ன நிறைக்குக் கீழே இருக்க முடியாது என்று எல்லை கட்டலாம். 2012-இல் கட்டிய எல்லை 380 ஜி.இ.வி.; 2015-இல் 480; 2020-இல் 800. இந்த எல்லைகள் எந்த முடுக்கியிலும் அத்துகளைத் தேடிக் கட்டியவை அல்ல. கூட்டல்-கழித்தலுக்குப் பின்னால் நிற்கும் சிற்றெண்களைக் கொண்டு கட்டியவை. அவற்றை எப்படிக் கூட்டுவது என்பதை மாற்றினால் வேலி பல நூறு ஜி.இ.வி. நகரும்; வேலிக்கு வெளியே துரத்தப்பட்ட கோட்பாடு உள்ளே வந்துவிடும்.

குறைக்கவே இயலாது என்ற 5 விழுக்காட்டுக்கு என்ன நேர்ந்தது? அதன் ஒரு பகுதி, மின்னூட்டமுள்ள பி மேசானும் மின்னூட்டமற்ற பி மேசானும் எவ்வளவு வேறுபட்டுச் சிதைகின்றன என்பதோடு தொடர்புடையது. பெல் குழு 1999 முதல் 2010 வரை திரட்டியிருந்த 77 கோடிக்கும் மேற்பட்ட மேசான் இணைகளைக் கொண்டு அந்த வேறுபாட்டை அளந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சென்னை ஐ.ஐ.டி.யினரும் பங்கு பெற்ற குழு அது. வேறுபாடு பூச்சியத்தோடு பொருந்தியே இருந்தது. கணக்கால் குறையாததை அளவு குறைத்தது. 2020-இல் மிசியாக், ரெஹ்மான், ஸ்டைன்ஹவுசர் ஆகியோர் இதையும் சேர்த்துக் கணக்கிட்டு 3.40, கூட்டல்-கழித்தல் 0.17 என்றனர். இப்போது உட்புறமும் எண்களும் சேர்ந்தே இரண்டரை விழுக்காடுதான். பழைய 3-உம் 3-உம் அப்படியே நிற்கின்றன. சோதனைகளின் உலகச் சராசரி சில ஆண்டுகளுக்கு முன் 3.32, கூட்டல்-கழித்தல் 0.15 என்றிருந்தது, பின்னர் அது 3.49, கூட்டல்-கழித்தல் 0.19 ஆயிற்று. அளப்பவர்களின் சிற்றெண்ணும் எப்போதும் குறைந்துகொண்டே போவதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

மீதமுள்ள 3 விழுக்காடுகளில் ஒன்றான சார்ம் இடைக்கணிப்பும் இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. 2023-இல் சில குழுக்கள், சார்மின் உண்மை நிறையை வைத்தே மூவளையக் கணக்கின் ஒரு முக்கியப் பகுதியை முடித்துவிட்டன. மலைச்சரிவிலேயே மழைமானியை வைத்தாயிற்று என்று சொல்லலாம். குளுவான்கள் உடன் வெளியேறும் பகுதிகளும் முழுதாகச் சேர வேண்டும். சுகுபாவில் பெல்லின் வாரிசான இரண்டாம் பெல் 2019 முதல் மேசான்களைத் திரட்டி வருகிறது. அதன் சிலிக்கான் உணரியின் நான்காம் அடுக்கை அமைத்தவர்கள் நம் டாடா நிறுவனத்தார். இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விரும்பும் நண்பர்கள் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அதில் கணக்கைவிட ஐயப்பாட்டுக்கே அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.